உறவினர் வீட்டில் ஓர் ஆட்டப் பலகை



தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை என்று ஆண்டில் சில நாள்கள் நாம் குடும்பத்தோடு உறவினர் வீட்டுக்குப் போகிறோம். பலகாரமும் பழமும் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை உடுத்தி அழைத்துக்கொண்டு, நெடுந்தொலைவு பயணம் செய்து போய்ச் சேர்கிறோம். போன இடத்தில் நடப்பது என்ன? முதல் அரைமணி நேரம் நலம் விசாரிப்பு. அடுத்துச் சாப்பாடு. அதற்குப் பிறகு பெரியவர்கள் தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டி பேரனைப் பார்த்து, "என்னய்யா, எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்கிறார். "ரெண்டு" என்கிறான் அவன். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

இருவருக்கும் இடையே அன்பு இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் சேர்ந்து செய்வதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. முன்பு ஒன்று இருந்தது. அதுதான் ஆட்டப் பலகை. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றை எப்படி ஆடுவது, அவற்றில் என்ன கணக்கு அடங்கியிருக்கிறது, ஒரு நாள் விருந்தில் அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இன்றைய உரையில் விளக்க விரும்புகிறோம்.

இந்த ஆட்டங்கள் மலாயாவுக்கு வந்த விதத்தை முதலில் பார்ப்போம். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள் கையில் கொண்டுவந்த மூட்டை மிகச் சிறியது. உதவி பெற்று மலாயாவுக்கு ஆள் வருவதை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்யும்வரை அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மரப்பலகையும் பித்தளைத் தாயக்கட்டையும் எல்லார் மூட்டையிலும் இருந்திருக்க முடியாது. ஆனால் ஆட்டத்தின் விதிகள் மனத்தில் இருந்தன. தோட்டத்து லயத்தின் வாசலில் கரித்துண்டால் கட்டம் போட்டார்கள். மண்ணில் குழி தோண்டினார்கள். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் காய்களாயின. செலவில்லாத ஆட்டம் என்பதால்தான் அது கடல் கடந்தும் பிழைத்தது.

அன்று தாத்தா பாட்டி வீடு அடுத்த லயத்தில் இருந்தது. மாலையில் விளையாட அழைத்தால் போதும், ஆள் கூடிவிடும். பின்னர் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. அண்ணன் ஒரு மாநிலத்தில், தங்கை ஒரு மாநிலத்தில் என்று குடும்பங்கள் பிரிந்து வாழ்கின்றன. ஆகவே ஆட்டத்தைக் கற்றுத் தருபவரும் கற்றுக்கொள்ள வேண்டியவரும் சந்திப்பது ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்தான். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். அந்த மூன்று நாளையும் வீணாக்கிவிட்டால், விதிகள் அந்தப் பெரியவர்களோடு போய்விடும்.

முதலில் பல்லாங்குழியைப் பார்ப்போம். எதிரெதிராக வரிசைக்கு 7 குழிகள், மொத்தம் 14. ஒவ்வொரு குழியிலும் 5 காய்கள் இடுவது எளிய முறை. அப்படியானால் மொத்தம் 70 காய்கள், ஆளுக்கு 35. ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்களை எல்லாம் எடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். கையிலுள்ள காய் தீர்ந்ததும், அடுத்த குழியிலுள்ள காய்களை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதை விரலால் வழித்துவிட்டு, அதற்கு அப்பால் உள்ள குழியின் காய்களை அள்ளிக்கொள்ளலாம். அந்தக் குழியும் வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். வெறுங்குழி ஒன்றில் காய் ஒவ்வொன்றாக விழுந்து நான்கு சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். அந்தக் குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார்.

இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். குழிகளுக்கு வரிசையாக ஒன்று முதல் பதினான்குவரை எண் இடுவோம். நான்காம் குழியில் 6 காய்கள் இருக்கின்றன. அதை எடுத்தால் கடைசிக் காய் பத்தாம் குழியில் விழும். பதினோராம் குழி வெறுமையாக இருந்தால், பன்னிரண்டாம் குழியை அள்ளலாம். இதைக் காயைத் தொடுவதற்கு முன்பே மனத்தில் கணக்கிட வேண்டும். காயைத் தொட்டு எண்ணக் கூடாது என்பது சில வீடுகளில் சட்டம். கரும்பலகையில் கூட்டல் எழுதினால் கொட்டாவி விடுகிற பிள்ளை, இங்கே பாட்டியை வெல்வதற்காக மளமளவென்று கூட்டுவதை ஆசிரியர்களாகிய நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

முதல் சுற்று முடிந்ததும் வகுத்தல் தொடங்குகிறது. ஒருவரிடம் 23 காய்கள் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். மற்றவரிடம் 47 இருக்கும். இரண்டாம் சுற்றுக்கு அவரவர் குழியை அவரவர் காயால் நிரப்ப வேண்டும். 23 காய் வைத்திருப்பவர் குழிக்கு ஐந்தாக 4 குழிகளை நிரப்புவார்; 3 காய்கள் மிஞ்சும். மற்ற 3 குழிகள் அடைபட்டுவிடும். 47 காய் வைத்திருப்பவர் தம் 7 குழிகளையும் நிரப்பியபின் 12 காய்களைக் கையில் வைத்துக்கொள்வார். மீதி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லித் தர முடியாது.

பல்லாங்குழிக்கு இந்த நாட்டிலேயே நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அது மலாய் மக்களின் சொங்காக். 1989ஆம் ஆண்டு வெளிவந்த மலேசிய நாணய வரிசையில் 10 சென் காசைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் நினைவிருக்கும். அந்தக் காசின் ஒரு பக்கத்தில் இருப்பது சொங்காக் பலகைதான். அதிலும் வழக்கமாக வரிசைக்கு 7 குழிகள். ஆனால் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய குழி கூடுதலாக இருக்கும். குழிக்கு 7 காய்கள் வீதம் மொத்தம் 98 காய்கள். காய் இட்டுக்கொண்டு போகும்போது தம் பெரிய குழியிலும் ஒன்று இட வேண்டும். எதிராளியின் பெரிய குழியைத் தாண்டிவிட வேண்டும். கடைசிக் காய் தம் பெரிய குழியில் விழுந்தால் மறுபடியும் ஆடலாம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளைகள் வந்தால், பல்லாங்குழியை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள். "இது எங்கள் வீட்டிலும் இருக்கிறதே!" என்று உட்கார்ந்துவிடுவார்கள். விதி எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று பேசுவதே ஒரு நல்ல நட்புக்குத் தொடக்கமாகும்.

அடுத்தது தாயம். தரையில் வெண்கட்டியால் வரிசைக்கு 5 வீதம் 25 கட்டங்கள் போடுங்கள். நான்கு பக்கத்து நடுக்கட்டங்களிலும் மையக் கட்டத்திலும் பெருக்கல் குறி இடுங்கள். குறியிட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. நான்கு பேர் நான்கு பக்கமும் அமரலாம். வெளிச்சுற்றில் 16 கட்டங்கள்; உட்சுற்றில் 8; நடுவில் ஒன்று. காய் வெளிச்சுற்றைச் சுற்றி, உள்ளே திரும்பி, நடுக்கட்டத்தை அடைந்தால் 'பழம்'. எதிராளியின் காயை ஒரு முறையாவது வெட்டினால்தான் உள்ளே போகலாம் என்பது பல வீடுகளின் சட்டம்.

தாயத்தில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு ஏன் தாயமே விழ மாட்டேன் என்கிறது?" என்பதுதான். அதற்கு விடை தாயக்கட்டையிலேயே இருக்கிறது. கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் 4 முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு வெறும் முகம். ஆகவே இரண்டும் சேர்ந்து விழும் வகைகள் 4 பெருக்கல் 4, அதாவது 16. இவற்றில் தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டுமானால் ஒரு கட்டை ஒன்றாகவும் மற்றது வெறுமையாகவும் இருக்க வேண்டும். அதற்கு 2 வழிகளே உள்ளன. மூன்று விழுவதற்கு 4 வழிகள், இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள், ஐந்துக்கு 2, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழிதான். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 16 வரும்.

ஆகவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் உறுதி என்று இதற்குப் பொருளில்லை. எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நடக்கக்கூடியதே. காய் இறங்காமல் கண் கலங்கி நிற்கும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். "உனக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். கெட்ட நேரம் வேறு, கணக்கு வேறு என்பதைச் சிறுவயதிலேயே அறிந்துகொள்வது வாழ்க்கைக்கு நல்லது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடியும் உருட்டலாம் என்ற விதியையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்த வாய்ப்பு 16இல் 6 என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கட்டை இல்லாதவர்கள் சோழி உருட்டலாம். ஆனால் சோழி கவிழ்வதும் மல்லாப்பதும் சமமாக இராது. நூறு முறை உருட்டிக் குறித்துப் பார்ப்பது மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல சோதனையாகும்.

மூன்றாவது ஆடுபுலி ஆட்டம். உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து விசிறிபோல் 4 கோடுகளைக் கீழே இழுத்து, அவற்றின் அடியை ஒரு படுக்கைக் கோட்டால் இணையுங்கள். நான்கையும் குறுக்கே வெட்டி, இரு பக்கமும் சற்று வெளியே நீளும்படி இடையில் 3 படுக்கைக் கோடுகள் போடுங்கள். வெளியே நீண்ட முனைகளை அந்தந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழாக இணையுங்கள். புள்ளிகளை எண்ணினால் 23 வரும். புலிகள் 3, ஆடுகள் 15. ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆடாக வைப்பார். எல்லா ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி கோட்டின் வழியே ஓர் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியில் குதித்தால், அந்த ஆடு வெட்டுப்படும். புலிகள் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றார்.

இங்கே கட்டையும் இல்லை, சோழியும் இல்லை. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. ஓர் ஆட்டையும் இழக்காமல் 15 ஆடுகளையும் வைத்துவிட்டால் பலகையில் காலியாக இருப்பது 5 புள்ளிகள்தான். ஓர் ஆட்டின் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. வலிமை குறைந்தவர்கள் ஒருவருக்கொருவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் வலியவனை அடக்கலாம் என்பதைப் பிள்ளை தன் கையால் நகர்த்தித் தெரிந்துகொள்கிறது.

இவை தவிர, கேரம் பலகை நம் வீடுகள் பலவற்றில் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடும் பரமபதம் இருக்கிறது. புட்டி மூடிகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்து ஆடும் டாம் இருக்கிறது. எந்த ஆட்டத்தை யாருக்குக் கொடுப்பது? பரமபதம் முழுவதும் அதிர்ஷ்டம். எழுத்துத் தெரியாத மழலையும் ஆடலாம். தாயம் பாதி அதிர்ஷ்டம், பாதி அறிவு. ஏழெட்டு வயதுப் பிள்ளையும் தாத்தாவும் சமமாக ஆடலாம். பல்லாங்குழி, ஆடுபுலி, டாம் ஆகியவை முழுவதும் அறிவு. கேரம் கைத்திறன். வந்திருப்பவர்களின் வயதைப் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுங்கள்.

நேயர்களே, ஆட்டத்தைவிட முக்கியமானது ஆடும் இடத்தில் மனிதர்களுக்கிடையே நடப்பது. தேசியப் பள்ளியில் படித்து, தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் பேத்திகள் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பேச உட்கார வைத்தால் இருவரும் தவிப்பார்கள். பல்லாங்குழியின் முன்னால் உட்கார வைத்தால், "எடு", "போடு", "வழி", "பசு" என்ற நான்கைந்து சொற்களே முதலில் போதும். விரைவிலேயே, "பாட்டி, ஏமாத்தாதீங்க!" என்று பேத்தி முழு வாக்கியம் பேசிவிடுவாள். பாட்டியும் அந்த வீட்டில் நலம் விசாரிக்கப்பட வேண்டிய முதியவராக இராமல், தோற்கடிக்கப்பட வேண்டிய திறமைசாலியாக ஆகிவிடுகிறார். மருந்து மாத்திரையைப் பற்றியே எல்லாரும் கேட்கும் வயதில், அவருக்கு அது எவ்வளவு பெரிய மதிப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் சில செய்திகளில் கவனம் வேண்டும். முதலாவது, விதி. ஒவ்வொரு குடும்பத்திலும் விதி சற்று மாறும். "எங்கள் வீட்டில் அப்படி இல்லை" என்று பாதி ஆட்டத்தில் தொடங்கும் சண்டை, சாப்பிடும்போதும் தீராது. ஆகவே காய் வைப்பதற்கு முன்பே விதியைப் பேசி முடிவு செய்யுங்கள். அந்த வீட்டின் மூத்தவர் சொல்வதே அன்றைய சட்டம் என்று வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இரண்டாவது, தோல்வி. பிள்ளை அழும் என்று பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் இதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு உண்மையாக வென்றாலும் அவர்களுக்கு நம்பிக்கை வராது. அதற்குப் பதிலாக வெளிப்படையாகவே சலுகை கொடுங்கள். "உனக்குத் தாயம் போடாமலே ஒரு காய் இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிறகு முழு மூச்சாக ஆடுங்கள். தோற்ற பிள்ளை பலகையைக் கலைத்தால் திட்ட வேண்டாம். காயை எல்லாம் பொறுக்கி அடுக்கும் வேலையை அதற்கே கொடுங்கள். கோபம் அடங்குவதற்கு எழுபது காய் போதும்.

மூன்றாவது, பணம். பண்டிகை நாள்களில் சில வீடுகளில் பெரியவர்கள் பணம் வைத்துச் சீட்டாடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐந்து சென்னாக இருந்தாலும் வேண்டாம். பணம் வந்தால், எட்டு வயதும் எண்பது வயதும் சமமாக உட்கார முடியாது.

நான்காவது, அடுக்களை. கூடத்தில் எல்லாரும் ஆடி மகிழும்போது, அந்த வீட்டு மருமகளும் அக்காளும் காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தால் அது குடும்ப ஆட்டமாகாது. விருந்துக்குப் போனவர்களில் ஆண்களும் இளைஞர்களும் பாத்திரம் கழுவட்டும், காய்கறி நறுக்கட்டும். வீட்டுப் பெண்களை அழைத்துப் பலகையின் முன்னால் உட்கார வையுங்கள். பல்லாங்குழியில் அவர்களை வெல்வது எளிதன்று என்பது அப்போது தெரியும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. காயாகப் புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி விதை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். கறுப்பும் சிவப்புமான குன்றிமணி அழகாக இருந்தாலும் நச்சுத்தன்மை உடையது. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற காய்களும் கைக்குழந்தையின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியிலும் தாயம் இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்கலாம். இருக்கட்டும். நாம் அதைப் பழிக்கவில்லை. ஆனால் அதில் கட்டையை உருட்டுவது கருவி, விதியைக் காப்பதும் கருவி, கூட்டுவதும் கருவியே. பிள்ளை விரலால் தொடுவதோடு சரி. தரையில் போட்ட கட்டத்தில், விழுந்ததை எண்ணுவதும், ஏமாற்றாமல் இருப்பதும், ஏமாற்றினால் பிடிபட்டு வெட்கப்படுவதும் அந்தப் பிள்ளையின் பொறுப்பு.

ஆகவே, அடுத்த முறை உறவினர் வீட்டுக்குப் புறப்படும்போது பலகாரப் பெட்டியோடு மூன்று பொருள்களை எடுத்துச் செல்லுங்கள்: ஒரு வெண்கட்டி, எழுபது புளியங்கொட்டை, ஒரு பயிற்சிப் புத்தகம். வீட்டின் மூத்தவரிடம், "உங்கள் சிறுவயதில் எப்படி ஆடினீர்கள்?" என்று பிள்ளையே கேட்கட்டும். அவர் சொல்லும் விதிகளையும், கட்டத்தின் படத்தையும், சொன்னவரின் பெயரையும் ஊரையும் நாளையும் அந்தப் புத்தகத்தில் பிள்ளை தன் கையால் எழுதட்டும். எழுதியபடி ஒரு முறை ஆடிப் பார்த்து, விட்டுப்போனதைச் சேர்க்கட்டும். விடுமுறை முடிந்து வரும்போது அந்தப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால், முப்பது வீட்டின் விதிகள் நம்மிடம் சேரும். எந்த ஆட்டத்தை எந்தத் தோட்டத்தில் எப்படி ஆடினார்கள் என்பதை நாளைய பிள்ளைகள் அதிலிருந்து அறிந்துகொள்வார்கள்.